எந்தப் பக்கம் நிற்பது

போகும்போது அவ்வளவு பயமில்லை, திரும்பி வரும்போதுதான், என்று வசந்தமணி தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். சொல்லிக்கொண்டே கணவரின் வலது முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, குளக்கரை நடைபாதையின் சரிவில் அவரை மெல்ல ஏற்றுகிறாள். போகும்போது கம்பிவேலியும் தண்ணீரும் இடது பக்கம். சென்னியப்பனுக்கு விளங்காமல் போனது வலது கையும் வலது காலும். விளங்காத பக்கம்தான் ஆள் நிற்க வேண்டும், உடம்பு அந்தப் பக்கம்தான் சரியும் என்று பிசியோதெரபிப் பெண் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். அதனால் போகும்போது வேலி, அவர், நான், என்று வரிசை. எனக்கு அப்புறம்தான் சைக்கிள்காரர்கள். வந்து இடித்தால் என் மேல் இடிக்கட்டும், நான் விழுந்தால் எழுந்துகொள்வேன். திரும்பும்போது எல்லாம் மாறிப்போகிறது. வேலி வலது பக்கம் வந்துவிடும். வேலிக்கும் அவருக்கும் நடுவில் நான், யாரும் வந்து இடிக்கப்போகாத இடத்தில் காவலுக்கு நிற்பவளைப்போல. அவர் அந்தப் பக்கம், திறந்த பக்கம், ஊன்றுகோலை நீட்டிக்கொண்டு. போன தடவை நடந்தது அப்படித்தான். அதையே நினைக்காதே, முதலில் போவோம், போகும் வழியில் பயமில்லை. வலது கால். கொஞ்சம் தூக்குங்க, இழுக்காதீங்க, தூக்கி வைங்க. அப்படித்தான். ஊன்றுகோலின் நாலு ரப்பர்க் கால்களும் சிமெண்டுக் கல்லில் அமர்ந்த பிறகுதான் அடுத்த அடி. வெயில் இன்னும் ஏறவில்லை. ஆகாயத்தாமரை அழுகும் வாசனை காற்றோடு வருகிறது. தண்ணீரில் நாமக்கோழிகள் தலையை ஆட்டி ஆட்டி நீந்துகின்றன. பின்னால் ஏதோ சத்தம், டிக் டிக் டிக் என்று பல் சக்கரம் சும்மா சுழலும் சத்தம். அவளுக்குத் தோள்பட்டை தானாக ஏறிக்கொள்கிறது. சைக்கிளில் ஒருவன் போகிறான். காற்று மட்டும் புடவை முந்தானையைத் தொட்டுவிட்டுப் போகிறது. மணி அடிக்கவில்லை. அடித்தாலும் என்ன, அடித்தால் நாங்கள் என்ன பறந்தா போய்விடுவோம்.

நீலச் சாயம் அடித்த தடம் சைக்கிளுக்கு, சிவப்புக் கல் பதித்த தடம் நடப்பவர்களுக்கு. வாசலில் பலகை வைத்து எழுதியும் இருக்கிறது. ஆனால் நீலத் தடத்தில் ஓடுகிறவர்கள் ஓடுகிறார்கள், அது வழுவழுப்பாக இருக்கிறதாம், முழங்காலுக்கு நல்லதாம். அவர்கள் ஓடுவதால் சைக்கிள்காரர்கள் சிவப்புத் தடத்துக்கு வருகிறார்கள். காவல்காரர் ஆறுச்சாமியிடம் ஒரு முறை கேட்டபோது, நான் சொன்னாக் கேக்கறாங்களாம்மா, விசில் ஊதுனா வீடியோ எடுத்து நெட்டுல போட்டுருவாங்க, என்று சொல்லிவிட்டு விசிலைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டார். அவர் சொன்ன இன்னொன்றும் நியாயம்தான். அவிநாசி ரோட்டில் பஸ்காரனுக்குப் பயந்துதான் சைக்கிள்காரர்கள் இங்கே வருகிறார்கள். சரி, பஸ்ஸுக்குப் பயந்து அவர்கள் இங்கே வந்தால், அவர்களுக்குப் பயந்து நாங்கள் எங்கே போவது, தண்ணிக்குள்ளயா? வீட்டுத் தெருவில் சாக்கடை மூடியெல்லாம் எகிறிக் கிடக்கிறது, நாய் வேறு. மொட்டை மாடிக்கு ஏறப் படி. இத்தனை பெரிய கோயமுத்தூரில் ஒரு மனிதன் படியும் பள்ளமும் இல்லாமல் நேராக நடக்க இந்த ஒரு குளக்கரைதான் இருக்கிறது. மகள் சங்கவி ஓசூரிலிருந்து தினமும் போன் செய்து, வெளிய கூட்டிட்டுப் போகாதீங்கம்மா, நடக்கற மிஷின் வாங்கி அனுப்பறேன், ஹாலிலேயே நடக்கட்டும், என்கிறாள். மிஷின் மேல் ஒரு ஆள் ஒரே இடத்தில் நடந்துகொண்டிருப்பதை நினைத்தால் வசந்தமணிக்குச் செக்கு மாடுதான் ஞாபகம் வருகிறது. செக்கு மாடாவது சுற்றி வரும். இன்று இங்கே வந்திருப்பது சங்கவிக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவாள். திட்டிவிட்டு அழுவாள். அந்த அழுகைதான் தாங்காது.

வர வேண்டும் என்றது அவர்தான். வாயால் சொல்லவில்லை, வாயில்தான் வார்த்தையே இல்லையே. ரத்தக்குழாய் அடைத்த அன்று போன பேச்சில் திரும்பி வந்தது திங்கக்கிழமை என்ற ஒரே ஒரு சொல். காப்பி வேண்டுமென்றாலும் திங்கக்கிழமை, விளக்கை அணை என்றாலும் திங்கக்கிழமை, சங்கவி வந்து காலடியில் உட்கார்ந்தபோது கண்ணில் நீர் வழிய அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னதும் அதேதான். மூளையில் அந்த ஒரு சொல் மட்டும் எப்படித் தப்பித்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. கேட்பது எல்லாம் அவருக்குப் புரிகிறது, அதுதான் கொடுமை. முதல் மாதங்களில் நடக்க ஆரம்பித்துவிட்டார். இந்தக் குளக்கரையில்தான் ஒவ்வொரு நாளும் ஒரு விளக்குக் கம்பம் கூடுதலாக. அப்புறம் அவர் விழுந்த அந்த நாள். அதற்குப் பிறகு வெளியே வர மறுத்துவிட்டார். கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். இந்த நாலைந்து மாதத்தில் கால் திரும்பினால் உண்டு, விட்டால் அப்படியே நின்றுவிடும், என்று பிசியோதெரபிப் பெண் சமையலறைக்குள் வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காதா? கேட்டிருக்கிறது. இன்று காலையில் வசந்தமணி பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால், கதவுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். இடது கையாலேயே செருப்பு ஸ்டாண்டிலிருந்து நடக்கிற பூட்ஸை எடுத்து, ஒன்றை மாட்டிவிட்டு, மற்றதை மடியில் வைத்துக்கொண்டு. அவள் குனிந்து மாட்டிவிட்டாள். நாடாவின் முடிச்சை இரண்டு தடவை தப்பாகப் போட்டு அவிழ்த்தாள். அவர் அதைப் பார்த்திருப்பார். பார்க்காததுபோல் கூரையைப் பார்த்தார்.

வலது கால். நல்லா வருது. இன்னும் இரண்டு கம்பம் போனால் கல் பெஞ்சு, அங்கே உட்காரலாம். அவளுக்குக் காதுதான் நடக்கிறது, கால் அல்ல. காது பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு இலை உருண்டாலும் சக்கரமோ என்று இருக்கிறது. காருக்குச் சத்தம் உண்டு, மோட்டார் சைக்கிளுக்குச் சத்தம் உண்டு. லாரி வருவது ஒரு பர்லாங்குக்கு முன்னால் வயிற்றிலேயே தெரியும். சைக்கிள் பூனை மாதிரி வருகிறது. வந்த பிறகுதான் வந்ததே தெரியும். அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர். காரின் கூரையில் மஞ்சள் பெட்டியில் சென்னியப்பன் டிரைவிங் ஸ்கூல் என்று எழுதியிருக்கும். வசந்தமணி அலுவலகத்தில் உட்கார்ந்து போன் எடுப்பாள். யாரையும் அவர் அதட்டிப் பார்த்ததில்லை. கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மிதித்து ஆளையே கவிழ்க்கப் பார்த்தவர்களிடமும், பரவாயில்லீங்க, மறுக்கா எடுங்க, என்பார். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பாதித் தூக்கத்தில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், முழிச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான், என்று அவர் சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு விபத்து இல்லை. அத்தனை வருஷம் நகரத்தின் நடுவில், கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து போன மனிதர் மேல் ஒரு கீறல் இல்லை. கடைசியில் ஒரு சைக்கிள். இன்ஜின் இல்லாத ஒரு சைக்கிள்.

அதை நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வருகிறது. அன்றைக்கும் இதே வெயில்தான், நடந்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மணி அடித்தது அவளுக்குக் கேட்டது, கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது. கேட்டு, எந்தப் பக்கம் நகர்வது என்று யோசிப்பதற்குள், ஊன்றுகோல் அவர் கையிலிருந்து யாரோ பிடுங்கியதைப்போலப் போனது. அவர் மரம் சாய்வதைப்போல, மெதுவாக, அவ்வளவு மெதுவாக இடது பக்கம் போனார். அவள் வலது சட்டைக் கையைப் பிடித்தாள். சட்டை கிழிந்தது, ஆள் நிற்கவில்லை. சைக்கிள்காரன் விழவில்லை. காலை ஊன்றி நின்றான், கறுப்புக் கண்ணாடி, பச்சை நிறத்தில் உடம்போடு ஒட்டிய பனியன், வெட்டிச் செதுக்கிய தாடி, நாற்பது வயதிருக்கும். இறங்கினான். ஓடி வந்து தூக்குவான் என்று நினைத்தாள். அவன் சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, குனிந்து பார்த்தான். சக்கரம் கோணியிருக்கிறதா என்று. சிவப்புக் கல்லின் மேல் ஒரு மனிதர் கன்னத்தை வைத்துக் கிடக்கிறார், அவன் சக்கரம் சுற்றுவதைப் பார்க்கிறான். அது நேராகச் சுற்றியது, அவனுக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவள் அவன் முகத்தில் பார்த்தாள், அதுதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. பிறகு இந்தப் பக்கம் திரும்பி, பெல் அடிச்சேன்ல, என்றான். பிறகு அவரைப் பார்த்தான், அவருடைய மடங்கிய கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "இவரையெல்லாம் ஏன் ஆன்ட்டி இங்க கூட்டிட்டு வர்றீங்க?" என்றான். கோபமாகக்கூட இல்லை, அக்கறைபோலத்தான் இருந்தது. அவள் என்ன சொன்னாள்? சாரிங்க, என்றாள். அவள் வாய்தான் சொன்னது. சாரிங்க. அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான், மன்னித்துவிட்டவனைப்போல.

அந்த நாளிலிருந்து அவனிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள். பருப்பு வேகும்போது பேசுகிறாள், துணி உலர்த்தும்போது பேசுகிறாள். இவரையெல்லாம்னா எவரையெல்லாம், தம்பி? உங்க அப்பா வீட்டுல நடக்கறாரா இல்லையா? இது மரியாதையான வகை. இன்னொரு வகை உண்டு, அதில் வாழ்நாளில் வாயில் எடுக்காத சொல் ஒன்று வருகிறது. குக்கர் விசில் அடிக்கும்போது அதைச் சொல்லிப் பார்க்கிறாள், விசிலில் அது கரைந்துபோகும். சில நாள் அவன் பதில் சொல்வான், சில நாள் தலை குனிவான், ஒரு நாள் கனவில் அவன் அழுதான், அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். விழித்ததும் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. அவருக்கு மணிக்கட்டு எலும்பு கீறியிருந்தது, நல்ல கையின் மணிக்கட்டு. கட்டுப் போட்ட வாரங்களில் சோறு ஊட்டினாள். ஊட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அதையெல்லாம் அவனிடம் சொல்ல வேண்டும். சொல்லி என்ன? கேட்க அவன் எங்கே நிற்கிறான், போய்க்கொண்டேயல்லவா இருக்கிறான்.

கல் பெஞ்சு வந்துவிட்டது. உட்காருங்க, மெல்ல, பின்னாடி தொட்டுப் பாத்துட்டு உட்காருங்க. அவர் நெற்றி வேர்த்திருக்கிறது. முந்தானையால் துடைக்கிறாள். பாட்டில் தண்ணீரைச் சிறு மிடறாகக் கொடுக்கிறாள், பாதி கடைவாயில் வழிகிறது. அவர் குளத்தைப் பார்க்கிறார். அவள் பாதையைப் பார்க்கிறாள். பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிளில் கூட்டமாகப் போகிறார்கள், பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே, சிவப்பும் நீலமும் எல்லாம் அவர்களுடையதுதான். எதிரே வந்த ஒரு அம்மாள் வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். கூட்டம் போன பிறகு, ஒட்டியதற்காகத் தன்னைத்தானே தட்டிவிட்டுக்கொள்வதைப்போலப் புடவையைத் தட்டிக்கொண்டு நடக்கிறாள். பார்த்தாயா, எனக்கு மட்டுமில்லை. பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர், கையை விட்டுவிட்டு ஓட்டுகிறான் ஒருத்தன், மற்றவன் ஒரு கையால் போனில் அதைப் படம் பிடிக்கிறான். படம் பிடிக்கிறவன் முன்னால் பார்ப்பதே இல்லை. சங்கவிக்கும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தோமே, ஒல்லிக் காலை வைத்துக்கொண்டு அவள் மிதித்துப் போகும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்போது யாராவது ஒரு கிழவர் அவளுக்குப் பயந்து ஒதுங்கியிருப்பாரா? தெரியாது. இவர்கள் போய் முடிக்கும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கலாமா? வெயில் ஏறிவிடும். அவரால் சிறுநீரை அடக்க முடியாது. இந்தக் கோடியிலும் ஒரு வாசல் உண்டு, ஆனால் காலையில் அதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். வந்த வழிதான் போக வேண்டும். எந்தப் பக்கம் நிற்பது? வலது பக்கம் நின்றால் அவரைத் தாங்கலாம், காக்க முடியாது. இடது பக்கம் நின்றால் காக்கலாம், தாங்க முடியாது. வேலியை அவர் பிடித்துக்கொள்ளட்டும் என்றால் வேலிப் பக்கம் இருப்பது பிடிக்க முடியாத கை. கடவுள் ஒரு ஆளுக்கு இரண்டு உடம்பு கொடுத்திருக்கலாம், இந்த மாதிரி நேரத்துக்கு மட்டும்.

அப்போதுதான் அந்த யோசனை வருகிறது. பிசியோதெரபிப் பெண் வீட்டுக் கூடத்தில் அவரை நடக்க வைத்த முதல் நாட்களில், எதிரே நின்று, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தான் பின்னால் பின்னால் போவாள். எதிரே நின்றால் இரண்டு பக்கமும் உண்டு. பின்னாலிருந்து வருகிறவனையும் பார்க்கலாம், அவர் தோளுக்கு மேல். ஆனால் எனக்குப் பின்னால்? முன்பக்கத்திலிருந்து வருகிறவன் எனக்குப் பின்னால் அல்லவா வருவான். ஊன்றுகோலை எடுத்து முழங்கையில் மாட்டிக்கொள்கிறாள். அவரை எழுப்புகிறாள், வேலியோடு ஒட்டினாற்போல நிற்க வைக்கிறாள், எதிரே வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறாள். வலது கை குளிர்ந்து கிடக்கிறது, இடது கை சூடாக இருக்கிறது. அவர் என்ன என்பதுபோலப் பார்க்கிறார்.

"ஏனுங்க, உங்களுக்குப் பின்னால நான் பாத்துக்கறேன். எனக்குப் பின்னால நீங்க பாத்துக்கோங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். புரியவில்லையோ, பயப்படுகிறாரோ, இந்தப் பைத்தியக்காரத்தனத்தை இங்கேயே விட்டுவிடலாமோ என்று அவள் யோசிக்கிறாள். பிறகு வாயின் இடது பாதி லேசாக அசைகிறது. திங்கக்கிழமை, என்கிறார். அவள் குதிகாலைப் பின்னால் வைக்கிறாள். அவர் வலது காலை எடுத்து வைக்கிறார். இத்தனை மாதமாக நடக்கும்போது அவள் அவருடைய பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்கவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. பக்கத்தில் நடந்தால் முகம் எங்கே தெரியும். கண்ணைப் பார். அவள் தோளுக்கு மேல் நிமிர்ந்து, தூரம், கிட்டம், மறுபடி தூரம் என்று போய்ப் போய் வருகிறது அந்தக் கண். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த காலத்தில் இருந்த கண். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண் இது இல்லை. பார்க்கச் சுகமாகத்தான் இருக்கிறது, ஆனால் முதுகு கூசுகிறது. முதுகு முழுவதும் திறந்து கிடக்கிறது, கதவில்லாத வீட்டைப்போல. பின்னால் கால் வைக்கும் இடம் கல்லா பள்ளமா தெரியாது. திரும்பிப் பார்க்கலாமா, ஒரே ஒரு முறை? திரும்பினால் கை ஆடும், கை ஆடினால் அவர் ஆடுவார். பார்க்காதே. உன் வேலை அந்தப் பக்கம். அதோ அவருக்குப் பின்னால் போன்காரப் பையன்கள் வருகிறார்கள். நில்லுங்க. நிற்கிறார். வேலியோடு அவரை அணைத்து நிறுத்துகிறாள். படம் பிடிப்பவனின் சைக்கிள் கைப்பிடி அவள் இடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போகிறது. ஒருவன் சிரிக்கிறான், எதையோ பார்த்து, எங்களைப் பார்த்துத்தானா? பரவாயில்லை, சிரித்துக்கொண்டே போகட்டும், போனால் சரி. வாங்க. இன்னொரு கம்பம். இன்னொன்று. இந்த இடத்தில் பாதை வளைகிறது, அரளிச் செடிகள் அடர்ந்து மறைக்கின்றன. இந்த வளைவு அவளுக்குத் தெரியும், இது தாண்டிவிட்டால் வாசல்வரை நேர்ப் பாதை. அவர் கண் அசையாமல் ஓரிடத்தில் நிற்கிறது.

கையில் பிடி இறுகுகிறது. இடது கை, கட்டுப் பிரித்து இன்னும் முழுசாக ஆறாத கை, இவ்வளவு பலம் எங்கே வைத்திருந்தார், அவளை அப்படியே தன் மேல் இழுக்கிறது. அவள் முகம் அவர் மார்பில் மோதுகிறது, சட்டைப் பொத்தான் நெற்றியில் குத்துகிறது, இரண்டு பேரும் வேலியில் போய்ச் சாய்கிறார்கள். முதுகுக்குப் பின்னால், ஒரு நொடிக்கு முன் அவள் முதுகு இருந்த இடத்தில், ரப்பர் கல்லில் தேய்கிற சத்தம், கம்பி உரசுகிற சத்தம், பிறகு கனமாக ஒன்று விழுகிற சத்தம். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் காதுக்குள் கேட்கிறது. அவர் நிற்கிறார், விழவில்லை, வேலியில் சாய்ந்து நிற்கிறார். பிடித்துக்கோங்க, அசையாதீங்க, என்று அவரிடம் சொல்லிவிட்டு அவள் திரும்புகிறாள். அவர்களைத் தாண்டி நாலைந்து அடி தள்ளி, பாதையின் நடுவில் ஒரு சைக்கிள் கிடக்கிறது. அதன் கீழே ஒரு கால் மாட்டியிருக்கிறது. பனியன் இன்று வேறு நிறம், கறுப்புக் கண்ணாடி கழன்று தூரத்தில் கிடக்கிறது. தாடியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவன்தான். கனவில் வந்தவன், குக்கர் விசிலில் வந்தவன். முழங்கையிலிருந்து ரத்தம் சிவப்புக் கல்லின் மேல் விழுகிறது, கல்லும் ரத்தமும் ஒரே நிறமாக இருப்பதால் ஈரமாக மட்டும் தெரிகிறது. அவள் அவனிடம் போகிறாள். எல்லாம் தயாராக இருக்கிறது, மரியாதையான வகையும், மற்ற வகையும். இவரையெல்லாம்னா எவரையெல்லாம். அவன் அண்ணாந்து பார்க்கிறான், கண்ணாடி இல்லாத கண் சின்னதாக இருக்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டதைப்போல. பார்க்கலீங்க, என்கிறான் மூச்சு வாங்க. நான் பார்க்கவே இல்லீங்க.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வருகிறது. டிக் டிக் டிக், ஒன்றல்ல, பல, மழை தகரத்தில் இறங்குவதைப்போல. இவன் கூட்டத்துக்கு முன்னால் வந்தவன், கூட்டம் பின்னால் வருகிறது. இவன் பாதையின் நடுவில் கிடக்கிறான், சைக்கிளின் அடியில் மாட்டிய காலை இழுக்கப் பார்க்கிறான், வரவில்லை. அரளிச் செடி மறைக்கிறது, அவர்களுக்குத் தெரியாது. வசந்தமணி வேலியைத் திரும்பிப் பார்க்கிறாள், அங்கே அவர் இல்லை. வேலியில் யாரும் இல்லை. பாதையின் நடுவில் நிற்கிறார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வளைவைப் பார்த்து. ஊன்றுகோல் அவள் முழங்கையில் தொங்குகிறது, அவரிடம் ஒன்றுமில்லை. பிடிக்க ஒரு கை இல்லை, சாய ஒரு கம்பி இல்லை. வேலியிலிருந்து அங்கே எத்தனை அடி, எப்படிப் போனார், யார் கொண்டுபோய் விட்டது? உடம்பு வலது பக்கம் சரிந்திருக்கிறது. இதோ, இப்போது, இப்போது விழப்போகிறது. இடது கை மட்டும் தோள் உயரத்துக்கு நீண்டு, உள்ளங்கை விரிந்து, வளைவை நோக்கி நிற்கிறது. ஓட வேண்டும். ஓடினால் பின்னாலிருந்து போய் மோதிவிடுவேனோ, கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் விழுவார். கூப்பிடாதே. வாயைப் பொத்திக்கொள்கிறாள். முதல் சக்கரம் அரளிக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டது.

பிரேக்குகள் அலறுகின்றன. முதலில் வந்தவன் சைக்கிளைக் கோணலாகத் திருப்பிக் காலை ஊன்றுகிறான், அவன் மேல் அடுத்தவன் இடிக்கிறான், ஒருத்தி செடிக்குள் போய் நிற்கிறாள், யாரோ ஏய் ஏய் என்கிறார்கள், பிறகு எல்லாம் நின்றுவிடுகிறது. முன் சக்கரம் ஒன்று அவர் முழங்காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. அவர் வாயைத் திறக்கவில்லை. நகரவில்லை. நீட்டிய கை மடங்கவில்லை. அந்தக் கைக்கு முன்னால் இத்தனை பேர், தலைக்கவசமும் கண்ணாடியும் போட்ட இத்தனை பேர், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். பிறகுதான் அவர்கள் அவருக்குப் பின்னால் கிடப்பவனைப் பார்க்கிறார்கள். வசந்தமணி போய்ச் சேர்ந்துவிட்டாள். வலது பக்கம் போய், முழங்கைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்ததும் அவருடைய முழுக் கனமும் அவள் மேல் இறங்குகிறது. இத்தனை நேரம் இந்தக் கனத்தை அவர் எங்கே வைத்திருந்தார். ஈரமாக இருக்கிறது, சட்டை முதுகு முழுவதும். கால்சட்டையும் நனைந்திருக்கிறது. நனையட்டும். அவள் முந்தானையை அந்தப் பக்கம் இழுத்து மறைத்துக்கொள்கிறாள்.

அவனைத் தூக்கிவிட்டார்கள். சைக்கிளை யாரோ ஓரத்தில் சாய்த்து வைத்தார்கள், சக்கரம் கோணியிருந்தது, அவன் அதைப் பார்க்கவில்லை. செடிக்குள் போன பெண் வந்து, வாசல்வரை கூட வரட்டுமா ஆன்ட்டி என்று கேட்டாள். வேண்டாம்மா என்றாள் வசந்தமணி. அவன் நொண்டிக்கொண்டு கிட்டத்தில் வந்து நின்றான். சென்னியப்பனைப் பார்த்தான், மடங்கிய கையைப் பார்த்தான். தேங்க்ஸ் சார், என்றான். அவர் அவனைப் பார்த்துவிட்டுக் குளத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா அவருக்கு, தெரிந்துதான் போய் நின்றாரா, யாருக்குத் தெரியும். அவர் சொல்லப்போவதும் இல்லை. அவள் அவன் பக்கம் திரும்பினாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போது.

"போன தடவை நீங்க இடிச்சுத் தள்ளுனது இவரத்தானுங்க," என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவருடைய முகத்தைப் பார்த்தான். நினைவில் தேடுகிறான் என்று தெரிந்தது, உண்மையாகவே தேடுகிறான். கண் அங்கும் இங்கும் போகிறது, கிடைக்கவில்லை.

"எப்போங்க?" என்றான்.

எப்போ. இத்தனை நாள் வீட்டில் ஒவ்வொரு வேளையும் அவன் இருந்தான், அவன் வீட்டில் நாங்கள் ஒரு வேளைகூட இருக்கவில்லை. வைத்திருந்த சொற்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியின் முன்னால் வந்து நின்றன. ஒன்றுக்கும் போகும் வழி தெரியவில்லை. கோபம் தணிந்துவிட்டதா என்று பார்த்தாள், தணியவில்லை, ஆனால் அதைக் கொட்ட இவன் போதாது. இவன் ரொம்பச் சின்ன பாத்திரம். அவன் முழங்கையில் ரத்தம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து, புண்ணைக் கழுவி விடு, என்றாள். அவன் இன்னும் பதிலுக்கு நின்றான். நீங்க தினமும் இங்க வர்றீங்களா, என்று கேட்டான்.

"நாளைக்கும் வருவமுங்க," என்றாள் வசந்தமணி. "மெதுவாப் போங்க."

அவன் தலையாட்டினான். சாரி என்று அவன் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவன், நேரமாகிவிட்டதுபோல, மற்றவர்களைச் சுற்றிக்கொண்டு நீலத் தடத்தில் ஏறிப் போய்விட்டான். மற்றவர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள், ஏறலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு. வசந்தமணி கணவருக்கு எதிரே போய் நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். போலாமுங்களா, என்றாள். அவர் நிமிர்ந்து அவள் தோளுக்கு மேல் வாசல்வரை ஒரு முறை பார்த்தார், பிறகு வலது காலை எடுத்து வைத்தார். தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே அடுத்த அடியைப் பின்னால் வைத்தாள்.